பந்தாட்ட வீரர் பலராம்

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் எண்ணுவது நம்மவர் வழக்கம். ஒரு பந்தாட்ட வீரரின் வாழ்க்கையும் வரலாறுதான் என்பது என் கருத்து. அதனால் துளசிதாஸ் பலராம் என்பவரைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். இந்தியக் கால்பந்தாட்டத்தின் பொற்காலம் என்று போற்றப்படும் நாட்களில் சுனி கோஸ்வாமி, பி. கே. பானர்ஜி, பலராம் ஆகிய மூவரும் நம் அணியின் முன்வரிசையில் நின்று ஆடினர். மூவரில் பலராம் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1936ஆம் ஆண்டு, செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில். காவிரிக்கரைத் தமிழருக்கும் அவ்வூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் செகந்தராபாத் பெரியதொரு படைவீடாக விளங்கியது. அங்கே சென்னை இராணுவத்தின் பட்டாளங்கள் தங்கின. பட்டாளத்தைப் பின்தொடர்ந்து தமிழ்க் குடும்பங்களும் சென்று குடியேறின. பட்டாளம் இருந்த இடத்தில் பந்தும் இருந்தது. அக்குடியிருப்புகளில் வளர்ந்த ஏழைச் சிறுவர்களுக்குப் பந்தாட்டம் எளிதில் கைவந்ததில் வியப்பில்லை.

பலராமின் இல்லத்தில் வறுமை மிகுதி. பந்தாடுவதற்குரிய பூட்சு வாங்கப் பணமில்லாமல், போலீஸ்காரர் கழித்த பழைய பூட்சுகளைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துச் செப்பனிட்டு அணிந்து ஆடினார் என்பர். அந்நாளில் அவருடைய ஆட்டத்தைக் கண்டவர் சையது அப்துல் ரகீம். இவர் பிற்காலத்தில் இந்திய அணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர். தொழிலால் பள்ளி ஆசிரியர். பயிற்சிக்கு ஐதராபாத் நகருக்கு வரும்படி ரகீம் அழைத்தார். நாள்தோறும் அத்தனை தொலைவு வந்து போகக் கையில் காசில்லை என்றார் இளைஞர். வாடகைச் சைக்கிளுக்கு நான் பணம் தருகிறேன், வா என்றாராம் ஆசிரியர்.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். திறமை இருந்தது, உழைக்க மனமும் இருந்தது. குறுக்கே நின்றது வண்டிச் சத்தம் ஒன்றே. குடமுருட்டிக் கரையில் எங்கள் வலங்கைமான் பகுதியிலும், அறுவடை முடிந்து தாள் காய்ந்த வயல்களில் வெறுங்காலோடு பந்தாடும் பிள்ளைகள் உண்டு. கும்பகோணத்திலோ தஞ்சையிலோ பந்தயம் என்றால், பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பின்வாங்கிய மாணவர்களை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டதுண்டு. இன்று மேல்நிலை வகுப்பு மாணவருக்கு அரசே மிதிவண்டி வழங்குகிறது. ஒரு மிதிவண்டி ஒருவனை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும் என்பதற்குப் பலராம் சான்று.

அந்தச் சைக்கிள் அவரை எங்கே கொண்டு சேர்த்தது? 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியில் இருபது வயதுப் பலராமும் இடம் பெற்றார். அங்கே இந்தியா நான்காம் இடம் பெற்றது. மறு ஆண்டில் அவர் கல்கத்தா சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் வலிமை மிக்க ஹங்கேரி அணியை எதிர்த்து ஆடியபோது, 79ஆம் நிமிடத்தில் பலராம் ஒரு கோல் போட்டார். 2-1 என்ற கணக்கில் ஹங்கேரியே வென்றது. ஆயினும், அப்போட்டிகளில் வெண்கலப் பதக்கம் பெற்ற அவ்வணியை நம்மவர் கடைசிவரை போராட வைத்தனர். ரோமுக்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் இந்தியா ஆடும் வாய்ப்பைப் பெறவில்லை.

1961இல் அவர் தலைமையில் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. அப்பருவத்தில் அவர் போட்ட கோல்கள் 23. அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது அவரை அடைந்தது. அதே 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், ஜப்பானை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் பலராமுடையது. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். அரங்கம் முழுவதும் நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்தக் கூச்சலினிடையே இந்தியா தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. கோலைக் காத்து நின்ற பீட்டர் தங்கராஜும் சென்னை ரெஜிமெண்டில் சேர்ந்து வளர்ந்தவரே.

இதற்கு அடுத்த ஆண்டுதான் விதி குறுக்கிட்டது. 1963 ஜூன் மாதத்தில் ரகீம் புற்றுநோயால் காலமானார். அவ்வாண்டே பலராமின் நுரையீரலை நோய் பற்றியது. இருபத்தேழு வயதிலேயே அவர் ஆட்டத்தை விட்டு விலக நேர்ந்தது. கைகொடுத்த ஆசிரியரும் கைகொடுக்கப்பட்ட மாணவரும் ஒரே ஆண்டில் களத்தை விட்டு அகன்றனர்.

அதன்பின் பலராம் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். முதுமையில் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தரபாராவில் தனியே வசித்து, 2023 பிப்ரவரி 16ஆம் நாள் மறைந்தார். தோழர்கள் பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020லேயே மறைந்துவிட்டதால், மூவரில் இறுதியாகச் சென்றவர் அவரே. ஆடிய காலம் ஏழெட்டு ஆண்டு. ஆடாமல் வாழ்ந்த காலம் அறுபது ஆண்டு. வேறு எந்தத் தொழிலில் மனிதனுக்கு இப்படி முன்னிரவிலேயே விளக்கு அணைகிறது? ஓடும்வரை கைதட்டிவிட்டு, ஓட்டம் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது நாகரிகச் சமுதாயத்துக்கு அழகன்று. ஆடி ஓய்ந்தவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்வது நம்மால் இயன்ற எளிய கடமை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் நன்றாகப் பந்தாடும் பையன் ஒருவன் திடீரென்று விளையாட வராமல் நின்றுவிட்டால், அவன்மீது கோபம் கொள்ளுமுன் காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் அது சிறிய காரணமாக இருக்கும். ஒரு ஜோடி பூட்சாகவோ பேருந்துக் காசாகவோ இருக்கும். ரகீம் என்ற ஆசிரியர் அதைக் கேட்டறிந்தார், உதவினார். அதனால் நாட்டுக்கு ஒரு வீரர் கிடைத்தார்.