கொங்குத் திரையரங்குகள்: வெரைட்டி ஹால் எழுந்ததும் இடிந்ததும்

1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சிக்கு வந்தார். ஊர் ஊராகச் சலனப்படம் காட்டுவது அவர் தொழில். உடல்நலம் கெட்டுத் தாய்நாடு திரும்ப முடிவுசெய்தவர், புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்குப் போட்டார். ரயில்வே அலுவலகத்தில் வரைவாளராக வேலைபார்த்த 22 வயது இளைஞர் ஒருவர் 2,250 ரூபாய் திரட்டி அவற்றை வாங்கினார். அவர் கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட்.

வேலையை விட்டார். ஏசுநாதர் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படத்தோடு புறப்பட்டார். போகிற ஊரில் கூடாரம் அடிப்பது, சில நாள் படம் காட்டுவது, பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது என்று லாகூர், பெஷாவர் வரை அந்தக் கூடாரம் போனது. பின்னாளில் நம் ஊர்ப்புறமெங்கும் நின்ற டூரிங் டாக்கீஸ்களுக்கு அவரே முன்னோடி.

கூடாரத்திலிருந்து கட்டடத்துக்கு

ஒன்பது ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு, 1914-ல் சொந்த ஊரில் நிலையான அரங்கு ஒன்றைக் கட்டினார் வின்சென்ட். அதுதான் வெரைட்டி ஹால். பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வர இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தன. எஞ்சின் வைத்து மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொண்டார். 1916-ல் மின்சாரத்தில் ஓடும் அச்சகம், 1919-ல் அரிசி ஆலை என்று அவர் தொழில் விரிந்தது.

தென்னிந்தியாவின் முதல் நிலையான திரையரங்கு இதுவே என்று கோவையில் பெருமையாகச் சொல்வோம். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் 1913-லேயே எலக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆனால் அங்கே சில ஆண்டுகளில் படம் நின்றுபோனது. வெரைட்டி ஹாலோ, பின்னர் ‘டிலைட்’ என்று பெயர் மாறி, நூறாண்டு தாண்டியும் நின்றது. முந்தியது யார் என்ற வழக்கைவிட இந்த நீண்ட ஆயுளே கோவையின் பெருமை.

படம் பேசத் தொடங்கியதும் வின்சென்ட் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து டி.பி.ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தை 1933-ல் வெளியிட்டு வெற்றி கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் படம் எடுக்கும் ஊராகவே கோவை மாறியது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) அங்கேதான் படமானது. ஸ்ரீராமுலு நாயுடுவின் பக்ஷிராஜா ஸ்டுடியோ ‘மலைக்கள்ளன்’ (1954) தந்தது. இவற்றைப் பார்க்க வின்சென்ட் இல்லை; 1942-லேயே மறைந்துவிட்டார்.

கூட்டம் வந்தது, குறைந்தது

மின்சாரம் பெருகப் பெருக மில்கள் பெருகின. மாதச் சம்பளம் வாங்கும் தொழிலாளர்கள் பெருகினார்கள். அவர்கள்தான் கோவைத் திரையரங்குகளை வாழவைத்தவர்கள். ராயல், ரெயின்போ, கர்நாடிக், சென்ட்ரல், நாஸ், இருதயா என்று அரங்குகளின் பெயர்களே ஊரின் அடையாளமாயின. திருச்சி ரோட்டில் இன்றைக்கும் ‘ரெயின்போ’ என்று சொல்லித்தான் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள்.

சரிவுக்கு ஒரே காரணம் இல்லை. மில்கள் நொடித்தன. 1980-களில் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் வீட்டுக்குள் வந்தன. பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது புதுக் கருவிக்கு முதல் போட வேண்டியிருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி.யோடு கேளிக்கை வரியும் சேர, தமிழகத் திரையரங்குகள் சில நாள் மூடிப் போராடின. 2020-ல் கொரோனா மாதக்கணக்கில் பூட்டு போட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக நிலத்தின் விலை. ஊரின் நடுவில் ஏக்கர் கணக்கில் இடம் வைத்துக்கொண்டு பாதி இருக்கைகூட நிரம்பாத காட்சியை ஓட்டும் உரிமையாளர் எத்தனை நாள் தாங்குவார்?

எனவே சிலர் அரங்கைப் புதுப்பித்துப் பிழைத்தார்கள்; ராகம்-தானம்-பல்லவி அரங்குகள் அப்படிப் புதுப்பிக்கப்பட்டு, கே.ஜி. என்று பெயரும் மாறின. பலர் கல்யாண மண்டபம், குடோன், வணிக வளாகம் என்று மாறினார்கள். படம் பார்க்கும் கூட்டம் புரூக்ஃபீல்ட்ஸ், ஃபன் மால், புரோசோன் பக்கம் போனது. டிலைட் 2023-ல் இடிக்கப்பட்டது.

யார் பொறுப்பு?

உரிமையாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. குறை ஊரிடம் இருக்கிறது. சென்னையின் எலக்ட்ரிக் தியேட்டரை அஞ்சல்துறை வாங்கியது. அந்தக் கட்டடம் அண்ணாசாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலைப் பிரிவாக இன்றும் இருக்கிறது. வேறு பயன் கொடுத்தால் பழைய கட்டடம் பிழைக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. தமிழகச் சட்டமன்றம் மரபுரிமை ஆணையச் சட்டத்தை 2012-லேயே நிறைவேற்றிவிட்டது. அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் டிலைட் நின்றது. அதைக் காக்க வழி தேடும் கடமை நமக்கு இருந்தது. நாம் தேடவில்லை.

இடிந்ததை மீட்க முடியாது. ஆனால் வெரைட்டி ஹால் ரோட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் பெயரில் ஒரு கல்வெட்டு வைக்க மாநகராட்சியால் முடியும். வாசகர்களாலும் ஒன்று முடியும். திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கோபி, தாராபுரம் என்று எந்த ஊரானாலும், உங்கள் ஊர்த் திரையரங்கு எப்போது திறந்தது, கடைசியாக என்ன படம் ஓடியது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பழைய டிக்கெட், நோட்டீஸ், புகைப்படம் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். அந்த வரலாறு தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்யுங்கள்.

(தொடரும்)