புதுச்சேரி: மழைநீர் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம்

நம்மூருக்குத் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வரும். மேற்கே கோரிமேட்டுச் செம்மண் மேட்டிலிருந்து மழைநீர் இறங்கி வரும், கிழக்கே கடல். நடுவில் ஊர். பிரெஞ்சுக்காரன் இதையெல்லாம் யோசித்துத்தான் ஊரைக் கட்டினான் என்று பெருமை பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதிதான் உண்மை. கடலோரத்தில் தங்களுக்கு 'வில் பிளான்ஷ்' அமைத்துக்கொண்டார்கள். அதற்கு மேற்கே பெரிய வாய்க்கால், பள்ளியில் எங்களுக்கு அது 'கிரான் கனால்'. வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் தெருக்கள். மழைநீர் வடியவும், வெள்ளையரையும் நம்மவரையும் பிரித்து வைக்கவும் அந்த ஒரே வாய்க்கால் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கடல் விஷயம் வேறு. நம் கடற்கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஐப்பசி கார்த்திகைக்கு மேல் கொஞ்சம் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகம் கட்டியபோது கண்ணுக்கு முன்னால் நடந்ததுதான்: தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது.

நூறு வருஷம் கழித்து அதே வேலையை நாமும் செய்தோம். 1980-களின் பிற்பாதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்தடுப்புகள் எழுந்தன. 1989-இல் வேலை முடிந்தது. தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே கொட்ட வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. கல்தடுப்பு கட்டுவது ஒரு முறைச் செலவு, திறப்பு விழா உண்டு. மணல் அள்ளுவது வருஷா வருஷம் செலவு, அதற்கு யார் நாடா வெட்டுவார்கள்?

நாங்கள் சின்ன வயதில் ஓடி விளையாடிய கடற்கரை போய், கருங்கல் குவியல் வந்தது. கல் போட்ட இடம் தப்பியது. கல் முடிகிற இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவர் ஊர்கள் என்று வரிசையாக. கட்டுமரம் இழுத்துப்போட, வலை காயவைக்க இடமில்லை. கடலுக்கு மாநில எல்லை தெரியாது, கல்லுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டத்தின் கதை இதோடு சேர்ந்தே ஓடுகிறது. 1981-இல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: கடலிலிருந்து 500 மீட்டருக்குக் கட்டடம் வேண்டாம் என்று. கடிதம் கடிதமாகவே இருந்தது. 1991 பிப்ரவரி 19-இல்தான் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. நம் துறைமுகம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. நகரப் பகுதி என்றால், ஏற்கெனவே இருக்கும் சாலைக்குக் கரைப்பக்கம்தான் புதிதாகக் கட்டலாம். கிராமப் பகுதியில் முதல் 200 மீட்டரில் புதிதாக எதுவும் கூடாது.

நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தூரத்தையும் ஓதக் கோட்டிலிருந்து அளக்கிறார்கள், அந்தக் கோடோ நகர்கிறது. நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒரு பெரியவர் வீடு புதுப்பிக்க மனுவோடு வந்தார். தூரம் பார்த்து, முடியாது என்றார்கள். "ஐயா, எங்க அப்பா கட்னப்ப கடலுக்கு நடந்து போவணும். நாங்க வூட்ட நகத்தல, கடல்தான் நகந்து வந்திருக்கு. அதுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?" என்று கேட்டார். மேசையைச் சுற்றி யாரும் பதில் சொல்லவில்லை. கோப்பில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுத அந்தக் கேள்வி தடையாகவும் இல்லை.

2019 அறிவிக்கையில் ஜன நெருக்கமான கிராமப் பகுதிகளுக்கு அந்த 200 மீட்டரை 50 ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெரியவருக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. விடுதி கட்டுகிறவர்களுக்குத்தான் அதில் சந்தோஷம் அதிகம். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கி, கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதில் விளையாடுகிறார்கள். வடக்கே இன்னும் கல்தான்.

இவ்வளவும் கடற்பக்கத்துக் காவல். மேற்கிலிருந்து வரும் தண்ணீருக்கு அந்த அளவுக்கு எதுவுமில்லை. ஊர் மேற்கே வளர்ந்தபோது தாழ்ந்த நிலமெல்லாம் மனையாயிற்று. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்கு முந்தைய உச்சம் 2004 அக்டோபரில் பெய்த 21. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் மூழ்கி, ராணுவம் படகோடு வந்து ஜனங்களை மீட்டது. அந்த வீடுகளில் பெரும்பாலானவை கடலிலிருந்து 500 மீட்டருக்கு அப்பால். முறையாக வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிக் கட்டியவை அதில் எத்தனையோ.