எல்லை மாறினும் மாறாத வரி

சத்தியவேடு இன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்திலுள்ளது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் அது சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. படாஸ்கர் தீர்ப்பின்படி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரம் சென்றது. நிலவரியும் விற்பனை வரியும் பெறும் சர்க்கார் மாறிற்று. வருமான வரியோ மத்திய சர்க்காருக்குரியது. ஆதலால் அது மாறவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் இதுவே நிலை.

இவ்வரியின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடமுண்டு. சோழர் காலத்திலேயே தறியிறையும் செக்கிறையும் இருந்தன. அவை தொழிற்கருவியின்மேல் விதிக்கப்பட்டவை. ஈட்டிய வருவாயை அளந்து வரி விதிக்கும் முறையை 1860 ஜூலையில் ஜேம்ஸ் வில்சன் புகுத்தினார். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் நேர்ந்த பற்றாக்குறையை ஈடுகட்டுவதே நோக்கம். ஆண்டுக்கு 200 ரூபாய் ஈட்டுவோரும் அதற்குத் தப்பவில்லை. சென்னை கவர்னர் டிரெவெல்யன் இதனை எதிர்த்தார், தம் மறுப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டார், அதனால் பதவியிழந்தார். பின்னர் அவரே இந்திய சர்க்காரின் நிதி உறுப்பினரானார். 1865இல் அவ்வரி காலாவதியாயிற்று.

1886ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீண்டும் நிலைநாட்டியது. ஆயினும் 500 ரூபாய்க்குக் குறைந்த வருவாய்க்கும் வேளாண் வருவாய்க்கும் விலக்களித்தது; ஆயுள் இன்ஷியூரன்ஸ் பிரீமியத்தை, வருமானத்தில் ஆறிலொரு பங்கு வரை, கழித்துக்கொள்ளவும் இடந்தந்தது. சட்டம் தந்த கழிவைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் உரிமை. கழிவுகள் காலந்தோறும் மாறுகின்றன. எனவே சிறு வணிகர் நாள்தோறும் கணக்கெழுதி, ரசீதுகளைக் காத்து, உரிய காலத்தில் விவரம் தாக்கல் செய்தல் வேண்டும். எம்மாநிலத்தில் வாழினும் அவ்வுரிமைக்குச் சான்று நம் கணக்கேடே.