மல்லாந்து, ஒருக்களித்து, குப்புற... எப்படிப் படுத்தாலும் கழுத்து வலிக்காத தலையணை இருக்கா? வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

காலையில் எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியல. "சுளுக்கு பிடிச்சிருச்சு" என்று தைலம் தேய்க்கிறோம், ரெண்டு நாளில் சரியாகிவிடுகிறது. அடுத்த மாதம் மறுபடியும் அதே வலி. படுத்த விதம் சரியில்லை, ஏசி காத்து, பைக் ஓட்டினது என எல்லாவற்றையும் சந்தேகப்படுவோம். தலைக்குக் கீழேயே இருக்கும் தலையணையை மட்டும் விட்டுவிடுவோம்.

இன்னொரு பக்கம், ஆன்லைனில் தேடினால் 'ஆர்த்தோ', 'செர்விகல்', 'கான்டூர்' என்று விதவிதமான பெயர்களில் தலையணைகள் கொட்டிக் கிடக்கின்றன. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி பல ஆயிரம் வரை போகிறது. இதில் எது நமக்குச் சரிப்படும்? விலை அதிகம் என்றால் வலி குறையுமா? விரிவாகப் பார்க்கலாம்.

தலையணையின் உண்மையான வேலை என்ன?

ஒரு பெரியவரின் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ எடை இருக்கும். அந்த எடையைத் தாங்குவது கழுத்தில் உள்ள 7 எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும்தான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கழுத்து எலும்பு நேர்க்கோடாக இருக்காது, முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அதுதான் இயல்பு.

பகலில் அந்த வளைவைத் தசைகள் பார்த்துக்கொள்ளும். தூங்கும்போது தசைகள் தளர்ந்துவிடும். அப்போது கழுத்து எந்தக் கோணத்தில் மாட்டிக்கொள்கிறதோ, மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

அதனால் தலையணையின் வேலை தலையைத் தூக்கி வைப்பது அல்ல. தலைக்கும் கழுத்துக்கும் படுக்கைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்புவது. இந்த ஒரு விஷயம் புரிஞ்சா பாதி குழப்பம் தீர்ந்துவிடும். ஏன்னா, அந்த இடைவெளி நாம் படுக்கும் விதத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

எப்படிப் படுத்தால் எவ்வளவு உயரம்?

மல்லாந்து படுத்தால்: தலையின் பின்பக்கம் கிட்டத்தட்ட படுக்கையைத் தொட்டுவிடும். கழுத்துக்குக் கீழேதான் இடைவெளி இருக்கும். எனவே கழுத்துக்கு லேசான முட்டும், தலைக்குக் கொஞ்சம் தாழ்வான இடமும் வேண்டும். தலையணை உயரமாக இருந்தால் நாடி நெஞ்சை நோக்கி மடங்கும். ராத்திரி முழுக்க தலை குனிந்து மொபைல் பார்த்த மாதிரிதான் அது.

ஒருக்களித்துப் படுத்தால்: காதுக்கும் படுக்கைக்கும் நடுவில் தோள்பட்டையின் அகலம் வந்துவிடும். மூன்று நிலைகளில் இதற்குத்தான் அதிக உயரம் தேவை. பலருக்கும் ஏறத்தாழ 10 முதல் 15 செ.மீ. வரை வரும். தோள் அகலமானவருக்கு அதிகம், ஒல்லியானவருக்குக் குறைவு. உயரம் பத்தாவிட்டால் தலை படுக்கைப் பக்கம் தொங்கும், கூடினால் கூரைப் பக்கம் சாயும்.

குப்புறப் படுத்தால்: மூச்சு விட முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியே ஆகணும். கழுத்து பல மணி நேரம் முறுக்கின நிலையிலேயே இருக்கும். இதில் உயரமான தலையணை வேறு வைத்தால் கழுத்து பின்பக்கமாகவும் வளையும். இந்தப் பழக்கத்தை விட முடியாதவர்கள் மெல்லிசான தலையணை வைக்கலாம், அல்லது தலைக்கு எதுவும் வைக்காமல் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு சின்ன தலையணை வைக்கலாம். இடுப்பு குழிவது குறையும்.

ஒரே ராத்திரியில் மூணும் வந்தால்?

பிரச்சனையே இங்கதான். யாரும் விடிய விடிய ஒரே மாதிரி படுப்பதில்லை. பெரியவர்கள் பெரும்பாலும் அதிக நேரம் ஒருக்களித்தும், மீதி நேரத்தில் பெரும்பகுதி மல்லாந்தும் தூங்குகிறார்கள். நடுவில் பல முறை புரள்கிறோம். மல்லாந்து படுக்க ஏற்ற உயரம், புரண்டு ஒருக்களித்ததும் பத்தாது.

இதைச் சமாளிக்க தலையணை வடிவமைப்பவர்கள் மூன்று வழிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

1. நடுவில் பள்ளம், பக்கங்களில் மேடு: மல்லாந்து படுத்தால் தலை நடுப்பள்ளத்தில் இருக்கும். புரண்டால் பக்கத்து மேட்டுக்குப் போகும். யோசனை நல்லதுதான். ஆனால் தலையணை அகலமாக இருக்கணும், இல்லாவிட்டால் புரளும்போது தலை கீழே இறங்கிவிடும்.

2. அலை வடிவம்: 'கான்டூர்' என்று விற்பது இதைத்தான். ஒரு விளிம்பு உயரமாக, இன்னொரு விளிம்பு தாழ்வாக, நடுவில் குழிவாக இருக்கும். விளிம்பு கழுத்துக்கு, குழி தலைக்கு. உங்களுக்குப் பொருந்தும் விளிம்பைக் கழுத்துப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அலையின் அளவு தொழிற்சாலையில் முடிவானது. அது உங்கள் கழுத்தின் நீளத்துக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

3. உயரத்தைக் கூட்டிக் குறைப்பது: ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் அடுக்கையோ, துண்டு துண்டான ஃபோமையோ எடுத்துவிடலாம், சேர்க்கலாம். அளவு தெரியாமல் வாங்குபவர்களுக்கு இதுதான் நஷ்டம் குறைந்த வழி. ஆனால் ஒரு ராத்திரிக்கு ஒரு உயரம்தான். பெரும்பாலும் எப்படிப் படுப்பீர்களோ அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளணும்.

ஆக, எல்லா நிலைக்கும் நூறு சதவீதம் பொருந்தும் தலையணை என்று ஒன்று இல்லை. நீங்கள் அதிக நேரம் படுக்கும் நிலைக்குச் சரியாகவும், மற்ற நிலைகளில் கழுத்தைக் கெடுக்காமலும் இருக்கிற தலையணைதான் நல்ல தலையணை.

பாயா, மெத்தையா? இதையும் பார்க்கணும்

விளம்பரங்களில் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. தரையில் பாய் விரித்து ஒருக்களித்துப் படுத்தால் தோள் எங்கேயும் அமுங்காது. தோள்பட்டையின் முழு அகலத்துக்கும் தலையணை வேண்டும். அதே ஆள் மெத்தென்ற ஃபோம் மெத்தையில் படுத்தால் தோள் உள்ளே இறங்கிவிடும். அப்போது குறைவான உயரமே போதும்.

பாயில் பல வருஷம் வைத்துத் தூங்கிய அதே தலையணை, புது மெத்தை வாங்கியதும் கழுத்து வலி தருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஊரில் நன்றாக வருகிற தூக்கம் ஹாஸ்டல் கட்டிலில் வராததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மெத்தையை மாத்தினால் தலையணை உயரத்தையும் மறுபடி சரிபார்க்கணும்.

உள்ளே என்ன இருக்கு?

கடையில் பார்க்கும் உயரம் வேறு, தலை வைத்தபின் இருக்கும் உயரம் வேறு. இந்த வித்தியாசத்தை முடிவு செய்வது உள்ளே அடைத்திருக்கும் பொருள்.

இலவம் பஞ்சு: 'இலவு காத்த கிளி' பழமொழியில் வரும் அதே இலவுதான். தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் இலவம் பஞ்சுக்கும், மெத்தை, தலையணைகளுக்கும் பெயர் பெற்றது. இந்த இழைகள் உள்ளே வெற்றாக, மெழுகு பூசியது போல் இருப்பதால் எடை குறைவு, தண்ணீரும் சீக்கிரம் ஒட்டாது. ஒரு காலத்தில் கடலில் மிதக்க உதவும் உயிர்காப்பு உடைகளிலும் இதை அடைத்தார்கள். தண்ணீரில் துவைக்கக் கூடாது, வெயிலில் காயவைக்கணும். நாளாக ஆக அமுங்கும்.

இதில் ஒரு வசதி இருக்கு. மெத்தைக் கடையில் நம் கண் முன்னாலேயே பஞ்சை அடைத்துத் தைத்துக் கொடுப்பார்கள். கூட்டவும் குறைக்கவும் சொல்லலாம். இன்றைக்கு ஜிப் வைத்து விற்கும் வசதி அங்கே எப்போதோ இருந்தது. ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "நல்லா கெட்டியா அடைங்கண்ணே" என்கிறோம். கல்லு மாதிரி தலையணை வந்துவிடுகிறது.

பருத்திப் பஞ்சு: கனமாக இருக்கும், போகப் போக கட்டி கட்டியாகும். பஞ்சைப் பிரித்து அடித்தால் மறுபடி பயன்படுத்தலாம்.

ஃபைபர்: பாலியஸ்டர் இழை. விலை குறைவு, பல வகைகளைத் துவைக்கலாம். ஆனால் சீக்கிரம் தட்டையாகிவிடும். வாங்கிய புதிதில் உயரமாகவும், சில மாதங்களில் தாழ்வாகவும் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

மெமரி ஃபோம்: 1966-ல் அமெரிக்க விண்வெளி ஆய்வு அமைப்பான நாசாவுக்காக, விமான இருக்கைகளை மேம்படுத்தும் வேலையில் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது. தலையின் வடிவத்துக்கு மெதுவாக அமுங்கி, எடையைப் பரவலாகத் தாங்கும். வெப்பம் பட்டால் இளகும், குளிரில் இறுகும். அதனால் ஏசி அறையில் கெட்டியாகவும், மே மாத வெக்கையில் மெத்தென்றும் தெரியலாம். சூட்டையும் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

லேடெக்ஸ்: ரப்பர் பாலில் இருந்து செய்வது. அமுக்கினால் உடனே எழும்பும், உயரம் சீக்கிரம் குறையாது. விலையும் எடையும் அதிகம். ரப்பர் அலர்ஜி இருப்பவர்கள் தவிர்க்கணும்.

காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே டெஸ்ட்

புதுசா வாங்கும் முன் இரண்டு மூன்று துண்டுகளும் ஒரு மொபைலும் போதும்.

• நீங்கள் தினமும் படுக்கும் அதே இடத்தில் ஒருக்களித்துப் படுங்கள். தலைக்குக் கீழே மடித்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாங்க.

• வீட்டில் யாரையாவது முதுகுப் பக்கமிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தலையின் நடுவும் முதுகுத்தண்டும் ஒரே கோட்டில் இருந்தால் அந்த உயரம் சரி.

• தலை வைத்த நிலையில் துண்டுகளின் உயரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையில் தேட வேண்டியது இந்த அளவைத்தான். தலை வைத்தால் எவ்வளவு அமுங்கும் என்பதையும் கணக்கில் எடுக்கணும்.

• மல்லாந்து படுத்து, பக்கவாட்டில் இருந்து இன்னொரு போட்டோ. நாடி நெஞ்சுப் பக்கம் மடங்கவும் கூடாது, கூரையைப் பார்த்து நிமிரவும் கூடாது.

• இருக்கிற தலையணை தட்டையாக இருந்தால், ஒரு கைத்துண்டைச் சுருட்டி உறைக்குள் கழுத்து வரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். சிலருக்குப் புதுத் தலையணையே தேவைப்படாது.

புதிதாக வாங்கினால் ஒரே ராத்திரியில் முடிவு செய்ய வேண்டாம். பழக சில நாட்கள் ஆகும். திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கா என்று கேட்டு வாங்குவது நல்லது.

இவர்களுக்குக் கூடுதல் கவனம்

கைக்குழந்தைகள்: ஒரு வயது வரை தலையணையே வேண்டாம். தலை உருண்டையாக வரணும் என்று கடுகுத் தலையணை வைப்பது நம் வீடுகளில் சகஜம். நடுவில் பள்ளம் உள்ள குழந்தைத் தலையணைகளும் விற்கின்றன. ஆனால் இவை மூச்சுத்திணறல் ஆபத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022-ல் எச்சரித்தது. குழந்தையை மல்லாக்க, கெட்டியான சமதளத்தில், முகத்தருகே தலையணையோ தளர்வான துணியோ இல்லாமல் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தலை தட்டையாகாமல் இருக்க, குழந்தை விழித்திருக்கும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடலாம்.

கர்ப்பிணிகள்: 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துத் தூங்கப் போவது நல்லது. முழங்கால்களுக்கு நடுவிலும் வயிற்றுக்கு அடியிலும் தலையணை வைத்தால் சௌகரியமாக இருக்கும். நடுராத்திரி விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் பயப்பட வேண்டாம், மறுபடி திரும்பிப் படுத்தால் போதும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள்: இரண்டு மூன்று தலையணைகளை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும். முதுகில் இருந்தே சரிவாக உயர்த்தும் ஆப்பு வடிவத் தலையணை வைக்கலாம், அல்லது கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு முட்டுக் கொடுக்கலாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும்.

குறட்டை விடுபவர்கள்: மல்லாந்து படுத்தால் பலருக்குக் குறட்டை கூடும், ஒருக்களித்தால் குறையும். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் தலையணை மாத்துவது தீர்வு இல்லை. மருத்துவரைப் பார்க்கணும்.

எப்போது மாற்றணும்? எப்போது டாக்டர்?

தலையணையை இரண்டாக மடித்து விடுங்கள். பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் அப்படியே கிடந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பஞ்சுத் தலையணை என்றால் பிரித்து அடித்துப் புதுப்பஞ்சு சேர்க்கலாம்.

சில வாரங்களாக வலி குறையாமல் இருந்தால், கையில் மரத்துப்போதல், கூச்சம், பலம் குறைவது போன்றவை இருந்தால், அடிபட்ட பிறகு வலி வந்தால், அல்லது வலியோடு காய்ச்சலும் இருந்தால், இன்னொரு தலையணை ஆர்டர் போட்டுக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

மத்தவங்களுக்கு, இன்னைக்கு ராத்திரியே அந்த ஒரு போட்டோவை எடுத்துப் பாருங்க. தலையணையை மாத்தணுமா, ஒரு துண்டே போதுமான்னு அதிலேயே ஓரளவு தெரிஞ்சிடும்.