புகார் நீங்கிய வரலாறு

காஞ்சி மாநகரின் தென்பால், பாலாற்றங்கரையில் அமைந்த ஓரிக்கை என்னும் ஊரின் பெயர் ‘ஓரிரவிருக்கை’ என்பதன் மரூஉ என்பது வைணவ மரபு. பல்லவ மன்னன் கணிகண்ணரை நாடு கடத்த, அவர்தம் ஆசிரியராகிய திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வாரின் சொற்கேட்டுத் திருவெஃகாப் பெருமானும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். அவர்கள் ஓரிரவு தங்கிய இடமே ஓரிக்கை என்றும், இருளடைந்த நகரைக் கண்டு அஞ்சிய மன்னன் வந்து வேண்ட, அனைவரும் மீண்டனர் என்றும் அம்மரபு கூறும். ஒரு நகர் எதனால் நகராகின்றது என்பது பற்றித் தமிழர் கொண்டிருந்த எண்ணம் இக்கதையில் பொதிந்துள்ளது. மதிலும் மாடமும் மட்டும் நகரல்ல. இருப்போர் நீங்கின் நகரும் நீங்கும். காஞ்சிக்கு அந்நீக்கம் ஓரிரவோடு முடிந்தது. நீங்கியோர் மீளாமலே போன நகர் ஒன்றும் தமிழகத்தில் உண்டு. அது காவிரிப்பூம்பட்டினம்.

காஞ்சிக்கும் புகாருக்கும் இலக்கியத்தில் நெருங்கிய உறவு உண்டு. தொண்டைமான் இளந்திரையனையும் அவனது காஞ்சியையும் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, கரிகாலனையும் அவனது புகாரையும் பட்டினப்பாலையில் பாடியவர். பாம்பணைமேற் பள்ளிகொண்ட திருவெஃகாவும் அவர் பாட்டில் இடம்பெற்றுள்ளது. புகார் அழிந்தபின் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் சென்று சேர்ந்த நகர் காஞ்சி என்பது மணிமேகலைக் காப்பியத்தின் செய்தி. ஆகவே புகாரின் மறைவு காஞ்சியின் புலவர்களுக்கு அயல் வரலாறு ஆகாது.

புகாரைக் கடல் துறைமுகமாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ‘பெரிபுளூசு’ அதனைக் கமரா என்றும், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தாலமி கபேரிசு என்றும் குறித்தமை இவ்வெண்ணத்திற்கு வலுவூட்டியது. ஆயினும், ஊரின் பெயரே ஆற்றின் பெயர். புகார் என்ற சொல்லும் ஆறு கடலிற் புகும் இடத்தையே குறிக்கும். பட்டினப்பாலையைப் படிப்போர் கடல்வழி வந்த குதிரைகளையும் புலிப்பொறி இட்ட பொதிகளையும் வியந்து நிற்பர். அதே பாட்டில் வரும் உப்புப் படகுகளைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுவர். வெண்ணிற உப்பை உள்நாட்டில் விற்று, அதற்கு ஈடாக நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்பிய படகுகளைக் கொட்டிலில் குதிரைகளைப் பிணித்ததுபோல் வரிசையாகக் கட்டியிருந்தனர் என்கிறார் புலவர். நகரை ஊட்டி வளர்த்தவை இப்படகுகளே. மரக்கலங்கள் பொன் கொணர்ந்தன. சோறு ஆற்றின் வழியே வந்தது.

இந்திய அரசின் தொல்லியல் துறை 1960களில் மேற்கொண்ட அகழாய்வில், கீழையூரில் பெரிய செங்கற்களால் கட்டப்பட்ட படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகுகளைக் கட்டுவதற்கு நட்ட மரக்கம்பங்களும் உடன் கிடைத்தன. அவற்றின் காலம் கரிமப் பகுப்பாய்வின்படி கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கணிக்கப்பட்டது. புலவரின் உவமையும் அகழ்ந்தெடுத்த கம்பமும் இவ்வளவு அணுக்கமாகப் பொருந்தும் இடம் தமிழாய்வில் அரிது. ஆனால் இத்துறை இன்றைய கடற்கரையில் இல்லை, ஆற்றங்கரையிலும் இல்லை. கடல் கொண்டதாகக் கூறப்படும் நகரின் படகுத்துறை வறண்ட நிலத்தில் கிடக்கின்றது. இம்முரண்பாட்டிலிருந்தே புகாரின் வரலாற்றைத் தொடங்குதல் வேண்டும்.

மணிமேகலை கூறும் கதை யாவரும் அறிந்தது. நாகநாட்டு இளவரசி பீலிவளை பெற்ற மகனைக் கப்பலில் கொணர்கையில் கலம் கவிழ்ந்தது. மகனைத் தேடி அலைந்த சோழன் இருபத்தெட்டு நாள் நிகழ வேண்டிய இந்திர விழாவை மறந்தான். தெய்வத்தின் சினத்தால் ஊரைக் கடல் கொண்டது. இக்கதையை முற்றும் புனைவென்று தள்ளுதல் தகாது. சோழ மண்டலக் கரையில் கடல் பொங்கி ஊர் புகும் என்பதை 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து அறிந்தது. எனினும், அழிவின் காரணமாகக் காப்பியம் முதலில் நிறுத்துவது அலையை அன்று, விழா நின்றுபோனதை. ஊர் கூடாத ஊர், கடல் வருமுன்னரே பாதி அழிந்தது என்பது சாத்தனாரின் உட்கிடை எனக் கொள்ளலாம். ஊர் அழிந்தபின் தப்பியோர் காஞ்சிக்குச் சென்றதை அவர் மறவாமல் கூறுவதும் நோக்கத்தக்கது. கடல் கொண்டது நிலத்தை. மாந்தர் வேறிடம் சென்றனர்.

ஓரிரவில் ஊர் முடிந்துவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் உள. பாலி மொழியில் அபிதம்மாவதாரம் இயற்றிய புத்ததத்தர், தாம் அந்நூலைக் காவிரிப்பட்டினத்தில் ஒரு பௌத்தப் பள்ளியில் இருந்து எழுதியதாகக் குறித்துள்ளார். அவர் காலம் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு என்பர். பல்லவனீச்சுரத்தை அடுத்து அகழ்ந்தெடுத்த பௌத்தப் பள்ளியும் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தபாதமும் ஏறத்தாழ அக்காலத்தனவே. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பல்லவனீச்சுரத்தைப் பாடுகையில் ஊர் உள்ளது, கோயில் உள்ளது. ஆனால் பொதி மூட்டையும் சுங்கமும் பேசப்பட்ட காலம் போய்விட்டது. வணிகர் நகர் தலயாத்திரைக்குரிய ஊராகச் சுருங்கிய நிலை அது.

கடலடி ஆய்வுகளும் ஒரு பேரலையைக் காட்டிலும் மெல்லிய அரிப்பையே சுட்டுகின்றன. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பூம்புகார், வானகிரிக் கரையோரத்தில், அலை ஏறி இறங்கும் பகுதியிலேயே செங்கற் கட்டடங்களையும் உறைகிணறுகளையும் கண்டனர். 1990களின் தொடக்கத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஒன்று தென்பட்டது. அது மனிதர் படைப்புத்தானா என்பதே ஐயத்துக்கு உரியதாயினும், அதனைக் கொண்டு பல்லாயிரம் ஆண்டுத் தொன்மை பேசுவோர் பலராயினர். பெருமை கூற வேண்டுமெனில் கீழையூர்க் கம்பங்களே போதுமானவை. கரை எவ்வாறு கரைகின்றது என்பதற்குத் தெற்கே தரங்கம்பாடியில் கண்கூடான சான்று உண்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் சிறிது சிறிதாகத் தின்றுவிட்டது.

கிழக்கே கடல் அரித்தது. மேற்கே நிகழ்ந்தது அதனினும் கொடிது. காவிரி முக்கொம்பில் பிரிகின்றது. வெள்ளம் வடிய அமைந்த கொள்ளிடம் தாழ்ந்த படுகையும் நேரிய போக்கும் உடையது. காவிரியோ குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் எனக் கிளைத்துக் கிளைத்துத் தன் நீரை வயல்களுக்கு ஈந்துகொண்டே வருவது. ஆற்று வாயில் மணல் ஏற, நீர் கொள்ளிடத்தையே நாடிற்று. இப்போக்கு எவ்வளவு வலிது என்பதற்கு, காவிரிக்கு நீரைத் திருப்ப 1836இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்ட நேர்ந்ததே சான்று. சோழநாடு செழிக்கச் செழிக்கப் புகாருக்கு வந்து சேரும் நீர் குறைந்தது. உழவரை வாழவைத்த ஆறே துறைமுகத்தைக் கைவிட்டது. இதில் பழிக்கத் தக்கவர் ஒருவரும் இல்லை என்பதே இவ்வரலாற்றின் துயரம். காப்பியத்திற்குச் சினமுற்ற தெய்வம் கிடைத்தது. மணல் மேட்டைப் பாட எந்தப் புலவரும் முன்வரவில்லை.

துறை தூர்ந்ததும் வணிகம் காத்திருக்கவில்லை. பிற்காலச் சோழர் ஆட்சியில் பெருந்துறைமுகம் நாகப்பட்டினமே. முதலாம் இராசராசன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிரீவிசய மன்னர் பௌத்தப் பள்ளி எழுப்பியதும் அங்கேதான். கரிகாலனின் பட்டினத்தில் அன்று. புகார் அப்பொழுதும் அவர்தம் ஆட்சிக்குள் இருந்த ஊரே.

நீங்கிய மாந்தரின் நினைவு எங்கே தங்கியது? நகரத்தார் மரபு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தம் முன்னோர் முதலில் காஞ்சியில் வாழ்ந்து, அரசனின் கொடுமையால் காவிரிப்பூம்பட்டினம் சேர்ந்து, அங்கும் சோழனின் கொடுமைக்கு ஆளாகிப் பாண்டி நாட்டு இளையாற்றங்குடிக்குச் சென்றனர் என்று அவர்கள் கூறுவர். அதிற் சொல்லப்படும் ஆண்டுக் கணக்கை வரலாறு ஏற்பதில்லை. ஆனால் ஒன்று தெளிவு: இந்நினைவில் கடலே இல்லை. சாத்தனார் அலையைச் சொல்ல, வணிகர் அரசனைச் சொல்கின்றனர். பெருவணிகராய் வாழ்ந்து அனைத்தையும் துறந்து வெளியேறியவருக்குத் தமிழுலகம் தன் சொந்தப் பெயரை வழங்காமல் பட்டினத்தார் என்றே ஊர்ப்பெயரை வழங்கியதும் இங்கு எண்ணத்தக்கது. ஊரை விட்டவர் மேல் ஊர் தங்கிவிட்டது.

1973இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுந்தது. கண்ணகியின் கதை அங்கே சிற்பங்களாய் நிற்கின்றது. நகர் இருந்த இடமோ கீழையூர், மேலையூர், வானகிரி, பல்லவனீச்சுரம், சாயாவனம் எனத் தனித்தனிச் சிற்றூர்களாய்ப் பிரிந்து கிடக்கின்றது. மருவூர்ப்பாக்கம் எது, பட்டினப்பாக்கம் எது, இரண்டிற்கும் இடையே நாளங்காடி கூடிய சோலை எது என்று காட்டுவார் இல்லை. கலைக்கூடத்திற்கு அருகில் காவிரி ஒரு வாய்க்கால் அளவினதாய்க் கடலில் கலக்கின்றது. மேட்டூரில் நீர் திறவாத மாதங்களில் அதுவும் இல்லை.