டி மேஜரா, டி மைனரா?

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களிடம் அந்தத் தேதியைச் சொன்னால் இன்றைக்கும் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீட்டில் பத்து மரம் போனது, பின்கட்டு ஓடு பறந்தது. அதற்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்கள். டிவி இல்லை, ஃபேன் இல்லை, செல்போனுக்குச் சார்ஜ் இல்லை. ஒழுகின பரணை ஒழிக்க ஏறியபோது பழைய வேட்டியில் சுற்றிவைத்த கிட்டார் கைக்கு வந்தது. நாற்பது வருஷம் தொடாத பொருள். தந்தியெல்லாம் துரு. ஆனால் மரம் நனையவில்லை.

அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. புதுத் தந்தி வாங்கிப் போட்டு, ஒரே ஒரு பாட்டை மட்டும் மறுபடி கற்றுக்கொண்டேன். அது இங்கிலீஷ் பாட்டு, பெயர் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. ஏன் அந்த ஒன்றை மட்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பாட்டு எங்களுக்கு வந்தது கடல் வழியாக. பட்டுக்கோட்டையிலிருந்து அதிராம்பட்டினம் கிட்டத்தில்தான், அதற்கு அந்தப் பக்கம் பாக் நீரிணை, அதைத் தாண்டினால் இலங்கை. ராத்திரியானால் மெட்ராஸ் வானொலியைவிட ரேடியோ சிலோன்தான் தெளிவாகக் கேட்கும். அது 1967-லேயே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகிவிட்டது என்றாலும் எங்கள் வாயில் கடைசிவரை ரேடியோ சிலோன்தான். அகில இந்திய வானொலி 1952-இல் மந்திரி கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்தபோது இந்தியா முழுக்க ஜனங்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி வந்துதான் கொஞ்சம் பேர் திரும்பினார்கள். எங்கள் பக்கம் பலர் திரும்பவே இல்லை. தமிழ்ச் சேவையில் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டு மனிதர்கள் மாதிரி. தமிழ் முடிந்து முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் இங்கிலீஷ் பாட்டு. அங்கேதான் 1975 வாக்கில் நானும் என் நண்பனும் இதைக் கேட்டோம். அப்போதே அந்த இசைத்தட்டுக்குப் பதினொரு வயது.

நண்பன் பெயரை எழுதவில்லை. அவன் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், பூர்வீகம் தஞ்சாவூர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஹார்மோனியம் வாசிப்பது அவன் வேலை. சிங்கப்பூரில் இருந்த அவன் மாமா சிதம்பரம் கப்பலில் ஊருக்கு வந்தபோது ஒரு கிட்டார் கொண்டுவந்தார். அவனுக்கு அதன்மேல் மனசு போகவில்லை, என்னிடம் கொடுத்துவிட்டான். அதுதான் பரணில் இருந்தது. பட்டுக்கோட்டையில் அதற்குத் தந்தி கிடைக்காது. ஒரு தடவை அறுந்தபோது சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து ஒரு இழையை மாட்டினோம். விரல் நுனி கிழிந்தது.

பாட்டின் பூர்வோத்திரம் அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பாடியவர்கள் தி அனிமல்ஸ், இங்கிலாந்தில் நியூகாசில் ஊர்ப் பையன்கள். 1964 மே 18 அன்று, ஊர் ஊராகக் கச்சேரி செய்துகொண்டிருந்த சுற்றுக்கு நடுவே லண்டனில் இறங்கி, ஒரே தடவையில் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் ரேடியோக்காரன் போட மாட்டான் என்றிருந்த காலத்தில் நாலரை நிமிஷப் பாட்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் போகிறாரே, அவர் ஹில்டன் வாலன்டைன். உலகத்தில் கிட்டார் எடுத்த பாதிப் பேர் அதை வாசித்துப் பார்த்திருப்பார்கள்.

ஆனால் பாட்டு அவர்களுடையது இல்லை, அமெரிக்க நாட்டுப்பாட்டு. 1937-இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கென்டக்கி மாநிலத்தில் மிடில்ஸ்பரோ என்ற ஊருக்குப் போனபோது, ஜார்ஜியா டர்னர் என்ற 16 வயதுப் பெண் பாடிக் காட்டினாள். சுரங்கத் தொழிலாளி மகள். நியூ ஆர்லியன்ஸ் ஊரில் ஒரு வீட்டில் சீரழிந்த பெண்ணின் புலம்பல் அது. அனிமல்ஸ் அதை ஆண் பாடுவதாக மாற்றிக்கொண்டார்கள். இசைத்தட்டின் மேல் 'இசையமைப்பு' என்று ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் பெயர் மட்டும் ஏறிற்று. ஐந்து பேர் பெயருக்கு இடம் இல்லை என்று காரணம் சொன்னார்களாம். காசும் அந்த ஒரு பெயருக்குத்தான் போனது. நடவுப் பாட்டும் கும்மிப் பாட்டும் சினிமாவுக்குப் போய் வேறு பெயரில் திரும்பி வருவதைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பாட்டில் சுரக்கோவை, அதாவது கார்டு, இந்த வரிசையில் வரும்: ஏ மைனர், சி, டி, எஃப். பிறகு ஏ மைனர், சி, ஈ. கையில் புஸ்தகம் கிடையாது. ரேடியோவில் மாதம் ஒரு தடவை போட்டால் அதிர்ஷ்டம். காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். மற்றதெல்லாம் பிடிபட்டது. மூன்றாவது கார்டில் சண்டை வந்தது. அது டி மேஜர் என்றான் அவன். டி மைனர் என்றேன் நான்.

இரண்டுக்கும் ஒரு சுரம்தான் வித்தியாசம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஏ என்பதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், டி மேஜரில் வருவது சதுச்ருதி தைவதம், டி மைனரில் வருவது சுத்த தைவதம். அடுத்து வரும் எஃப் கார்டில் இருப்பதும் சுத்த தைவதம். ஆக, அவன் சொல்வது சரி என்றால் ஒரு தைவதம் வந்த கையோடு இன்னொரு தைவதம் வருகிறது. கடைசியில் ஈ கார்டில் காகலி நிஷாதம் வேறு எட்டிப் பார்க்கிறது. கணக்குப் போட்டால் நடபைரவி, கீரவாணி, கரகரப்பிரியா என்று மூன்று மேளகர்த்தாவும் ஒரே அடியில் வந்துபோகின்றன. 20, 21, 22, வரிசை எண்கூடப் பிசகாமல். நாடியம்மன் கோயில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த என் காது இதை ஒப்பவில்லை. எனக்கு முழுப் பாட்டும் நடபைரவியாகத்தான் கேட்டது. ரேடியோ இரைச்சலில் இல்லாத சுரத்தைக் காது தானாகப் போட்டுக்கொண்டது.

அவன் காது வேறு. சின்ன வயசிலிருந்து நாலு பேர் நாலு குரலில் சேர்ந்து பாடும் கீதங்களுக்கு ஹார்மோனியம் பிடித்தவன். அவனுக்கு ராகம் அல்ல, சுரங்களின் கூட்டுதான் முதலில் கேட்கும். இந்த இரண்டு காதுகளும் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. சரபோஜி மன்னர் ஆண்ட 1798 முதல் 1832 வரையிலான காலத்திலேயே அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழு இருந்தது. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் பாண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார், நோட்டுஸ்வரம் என்கிறோமே அவை. அவர் தம்பி பாலுசுவாமியும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பிடிலைக் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார்கள். பிடில் தரையில் உட்கார்ந்தது, சுருதியை மாற்றிக் கட்டிக்கொண்டது, கமகம் பேசியது. இன்றைக்கு அதை வெளிநாட்டு வாத்தியம் என்று யாராவது சொல்கிறோமா? பின்னால் கிளாரினெட் வந்தது, மாண்டலின் வந்தது.

கிட்டாருக்கு மட்டும் அந்த உபசாரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிடிலைவிட ஒரு கஷ்டம் அதிகம். வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வது கிட்டாரிலும் உண்டு. ஆனால் வீணையில் மெட்டுகள் உயர்ந்து நிற்கும், தந்தியை இழுத்து அசைக்க வசதி. கிட்டாரில் அவ்வளவு இடம் இல்லை. அதோடு ஆறு தந்தியையும் சேர்த்து மீட்டுவதுதான் அதன் சுபாவம், நமக்கோ ஒற்றைச் சுரத்தின் பின்னால் போவது சுபாவம். அதனால் அது சினிமாவுக்குப் போயிற்று. அனிமல்ஸ் பதிவு வந்த அதே 1964-இல்தான் 'சர்வர் சுந்தரம்' வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கி, எம்.எஸ்.விஸ்வநாதனையும் டி.எம்.எஸ்ஸையும் வாத்தியக்காரர்களையும் திரையில் நிற்கவைத்த படம். பாட்டுக்குப் பின்னால் எத்தனை வாத்தியம் இருக்கிறது என்று பட்டிக்காட்டு ஜனம் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தது. அப்புறம் 1976-இல் 'அன்னக்கிளி'. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டு, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிகல் கிட்டார் பரீட்சை எழுதித் தேறிய ஒருவர் இசையமைப்பாளர் ஆனார். கிராமத்து மெட்டும் கிட்டார் கார்டும் ஒரே பாட்டில் உட்கார முடியும் என்று இளையராஜா காட்டிய பிறகு யாரும் ராகம் எது என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அது எங்கள் சண்டைக்குக் கொஞ்சம் பிந்தி எனக்குப் புரிந்தது.

சண்டை தீர எங்கள் தெருவில் இருந்த நாதஸ்வர வித்வானிடம் போனேன். வயசானவர், வாசிப்பை நிறுத்திவிட்டிருந்தார். இரண்டையும் கிட்டாரில் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, ரெண்டு தைவதம் சும்மா ஒண்ணா நிக்காது" என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் முடிக்கவில்லை. "ஆனா ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணுன்னு வந்தா அழகுதான். பைரவி அப்படித்தானே இருக்கு? அந்தப் புள்ள எப்படிப் போறான்னு அவனையே கேளு" என்றார்.

நண்பனிடம் முதல் வாக்கியத்தை மட்டும் சொன்னேன். "வித்வானே சொல்லிட்டாருடா, ரெண்டு தைவதம் சேராதாம்." அவன் ஒன்றும் பேசவில்லை.

1978-இல் கல்லூரி விழா. நான் கிட்டார், அவன் ஹார்மோனியம். டி மைனர் என்று முடிவு செய்துதான் மேடை ஏறினோம். மூன்றாவது கார்டு வந்தபோது அவன் விரல் பழக்கத்தில் மேஜருக்குப் போய்விட்டது. இரண்டு தைவதமும் ஒரே சமயத்தில் மைக்கில் கேட்டால் எப்படி இருக்கும்! கூட்டம் ஊளையிட்டது. நான் வாசிப்பதை நிறுத்தி, எல்லார் முன்னிலும் அவன் பக்கம் கையைக் காட்டினேன். தப்பு அவனுடையது என்று. அவன் ஹார்மோனியத்தை மூடிவிட்டு இறங்கினான். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாசித்ததே இல்லை. அவன் 1980-இல் துபாய் போனான், திரும்பி வந்து தஞ்சாவூரில் வீடு கட்டினான். கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று கேட்பான். நானும் கேட்பேன். 2011-இல் போய்ச் சேர்ந்தான். மாலை போட்டுவிட்டு வந்தேன்.

கஜாவுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் பேத்தி செல்போனில் அனிமல்ஸ் வாசிக்கும் படத்தைப் போட்டுக் காட்டினாள். விரல் தெரிகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். டி மேஜர்தான். சந்தேகமே இல்லை.

அதைவிட அதிகம் உறுத்தியது இன்னொன்று. முதல் தந்தியை மட்டும் கவனித்தால், ஏ மைனரில் அது திறந்த தந்தி, சி-யிலும் திறந்தது. டி மேஜரில் இரண்டாம் மெட்டுக்கு ஏறுகிறது. எஃப்-இல் முதல் மெட்டுக்கு இறங்குகிறது. ஏறும்போது சதுச்ருதி, இறங்கும்போது சுத்தம். பெரியவர் சொன்ன பைரவிக் கணக்கு. அந்த ஏற்றமும் இறக்கமும்தான் அந்த இடத்தின் உயிர். என் டி மைனரில் ஏறுவதற்கும் முதல் மெட்டு, அடுத்ததற்கும் அதே முதல் மெட்டு, விரல் நகரவே இல்லை. வெறுமனே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்பது வருஷம் அதைத்தான் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பைரவியைத் தினமும் கோயில் வாசலில் கேட்டுக்கொண்டு வேறு.

போன கிறிஸ்துமஸுக்குத் தஞ்சாவூரில் நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கேக் கொடுத்தார். கூடத்தில் அந்த ஹார்மோனியம் இருந்தது, துணி போட்டு மூடி. வித்வான் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை அந்த அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு அது தெரியுமே" என்றார். "கப்பல்ல போறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்திருக்கார். நீங்க கேட்டா சொல்றேன்னு இருந்தார்."

எஃப் கார்டு இன்னும் எனக்கு முழுசாக வருவதில்லை. ஆறு தந்தியையும் ஒரே விரலால் அழுத்த இந்த வயசில் வலுவில்லை, நாலு தந்தியோடு ஒப்பேற்றுகிறேன். டி வரும்போது விரல் தானாக முதல் மெட்டுக்குத்தான் ஓடுகிறது. பேத்தி லீவுக்கு வந்தால் பக்கத்து அறையிலிருந்தே கத்துகிறாள், "தாத்தா, மறுபடியும் மைனர்!"