'ரத்தினம்': ஒரே சொல், மூன்று வழக்கு

போன பருவத்தில் உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர் நம் அதிபருக்குக் கடிதம் எழுதுவதாக ஒரு பயிற்சி செய்தார். "மதிப்பிற்குரிய அதிபர் சண்முகரத்தினம் அவர்களுக்கு" என்று தொடங்கியிருந்தார். மொழிநடை நன்றாகவே இருந்தது. ஆனால் கடிதம் அதிபருக்குப் போகவில்லை, அவருடைய அப்பாவுக்குப் போய்விட்டது! கேட்டால், "கடைசிப் பேருதானே சார் குடும்பப் பேரு?" என்றார்.

ஆங்கில வழக்கில் அது சரி. தமிழ்ப் பெயருக்கு அப்படியே பொருந்தாது. சிங்கப்பூர் வரலாற்றிலிருந்தே இதை விளக்கலாம். ராஜரத்தினம், ஜெயரத்தினம், சண்முகரத்தினம் என்ற மூன்று பெயர்களும் யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்தவை. மூன்றும் 'ரத்தினம்' என்றே முடிகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் மூன்றின் வேலையும் வேறு.

எஸ். ராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1966இல் நமது தேசிய உறுதிமொழியை எழுதியவர். அதற்கெல்லாம் முன்பு, 1940களில், லண்டனில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்தார் என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. அவர் பெயரில் 'எஸ்' என்பது தந்தை சின்னத்தம்பி. ராஜரத்தினம் என்பது அவருடைய சொந்தப் பெயர். ஆக, குடும்பப் பெயரின் இடத்தில் இயற்பெயர் உட்கார்ந்திருக்கிறது.

அதிபர் தர்மன் விஷயம் இதற்கு நேர்மாறு. தர்மன் சண்முகரத்தினம் என்பதில் பின்னால் வருவது தந்தை பெயர். அந்தத் தந்தை பேராசிரியர் கே. சண்முகரத்தினம், 1968இல் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை ஏற்படுத்தியவர். அவருடைய 'கே' எது தெரியுமா? கனகரத்தினம். கனகரத்தினத்தின் மகன் சண்முகரத்தினம், அவர் மகன் தர்மன். இரண்டு தலைமுறை வந்த 'ரத்தினம்' மூன்றாவதில் சொந்தப் பெயரில் இல்லை. குடும்பப் பெயராக இருந்தால் இப்படி மறையுமா? அதனால்தான் 'அதிபர் தர்மன்' என்கிறோம்.

மூன்றாவது, ஜெயரத்தினம். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்ற ஜே. பி. ஜெயரத்தினத்தின் 'ஜே. பி.' ஜோசுவா பெஞ்சமின். இரண்டுமே அவருடைய கிறிஸ்துவப் பெயர்கள். அவர் தந்தையின் பெயரிலும் கடைசியில் ஜெயரத்தினம்தான். மகன் பிலிப் ஜெயரத்தினம் 'ஃபர்ஸ்ட் லவ்ஸ்' (1987), 'ஏப்ரஹாம்ஸ் பிராமிஸ்' (1995) ஆகிய ஆங்கிலப் புனைகதை நூல்களை எழுதியவர், பின்னர் நீதிபதி ஆனவர். இங்கே பெயர் உறைந்து, உண்மையிலேயே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. கிறிஸ்துவத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இந்த வழக்கு உண்டு: திருமுழுக்குப் பெயர் முன்னால், முன்னோரின் தமிழ்ப் பெயர் பின்னால். ஆங்கில நூல்களின் அட்டையில் அரிதாகக் காணும் ஒரு தமிழ்ச் சொல் அப்படித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

சொல்லின் பொருள் எளிது. சிராங்கூன் சாலையில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் 'ரத்தினம்' காதில் விழும். ராஜரத்தினம் மணிகளில் அரசு, ஜெயரத்தினம் வெற்றி மணி. தேர்வுக்குப் படிப்பவர்கள் வடிவத்தையும் கவனியுங்கள். ரகரம் தமிழில் மொழிமுதலில் வராது. முன்னால் அ, இ, உ ஆகியவற்றில் ஒன்று சேரும் என்கிறது நன்னூல். எனவே தனியே எழுதினால் 'இரத்தினம்'. பழைய இலக்கியத்தில் 'அரதனம்'. ஆனால் இராசரத்தினம் என்று சேரும்போது ரகரம் சொல்லின் நடுவே வந்துவிடுவதால் இகரம் தேவையில்லை. மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். ராஜரத்தினத்தில் ரகரத்துக்குப் பின் 'ஏ' எழுத்து. ஜெயரத்தினத்தில் 'இ' எழுத்து. பிழையா? இல்லவே இல்லை. நாம் பேசும்போது 'ரெத்தினம்' என்றுதானே சொல்கிறோம்? ரங்கன் 'ரெங்கன்' ஆவதும் கங்கை 'கெங்கை' ஆவதும் இதே மாற்றம்தான். 'ஜய' என்பது 'ஜெய' ஆனதும் அப்படியே. தமிழ் ஏட்டில் நாம் திருத்திவிடும் பேச்சொலி ஆங்கில எழுத்தில் பத்திரமாக இருக்கிறது!

வகுப்பில் இதை ஒரு பாடவேளையில் செய்யலாம். ஒவ்வொருவரும் தாத்தா, அப்பா, தன் பெயர் மூன்றையும் வரிசையாக எழுதட்டும். எது இயற்பெயர், எது தந்தை பெயர், எது தலைமுறை தாண்டி வருவது என்று அடிக்கோடிடட்டும். தாத்தா பெயர் தெரியாதவர்கள் வீட்டில் கேட்டு மறுநாள் எழுதி வரலாம். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.